இதயத்தில் ஓட்டை இருந்தால் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள பெண்கள் பலரும் தாராளமாகக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். சிலருக்கு மட்டும் அது உயிருக்கே ஆபத்து. ஓட்டை வழியாக ரத்தம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் உடம்பிலுள்ள ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைத்துக்கொண்டிருந்த இதயம், ஏழாம் மாதவாக்கில் 7 லிட்டர் வரை இறைக்க வேண்டியிருக்கும். கூடவே, உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன.

மேலறைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை என்றால், இடப்பக்கத்து ரத்தம் கொஞ்சம் வலப்பக்கம் கசியும். ஏற்கனவே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் மறுபடி நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். நுரையீரல் அழுத்தம் சரியாக இருந்தால் பெரும்பாலான பெண்கள் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

பெரிய ஓட்டையை அடைக்காமலே விட்டிருந்தால் கதை வேறு. வருடக்கணக்கில் மோதும் ரத்தத்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிடும். ஒரு கட்டத்தில் ரத்தம் திசை மாறி, ஆக்சிஜன் ஏறாமலே உடம்புக்குப் பாயும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், விரல் நுனிகள் உருண்டு தடிக்கும். இதற்கு ஐசன்மெங்கர் நிலை என்று பெயர். இந்த நிலையில் கருத்தரித்தால் உடம்பின் குழாய்கள் தளரும். இறுகிய நுரையீரல் குழாய்களோ தளராது. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தானே ஓடும்? நுரையீரலுக்குப் போகாத ரத்தம் இன்னும் கூடும். இப்படிக் கருத்தரித்த தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் மருத்துவர்கள் கர்ப்பமே வேண்டாம் என்கிறார்கள்.

மற்ற இதயக் கோளாறுகளிலும் பிரசவ நேரம் கடினமானதுதான். ஒவ்வொரு வலிக்கும் கருப்பை சுருங்கி 300 முதல் 500 மில்லி ரத்தத்தைப் பிழிந்து அனுப்புகிறது. குழந்தை வெளியே வந்ததும், அதுவரை அழுந்திக் கிடந்த பெரிய சிரையும் விடுபட, ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்புகிறது. குழந்தை அழுதுவிட்டது, இனி பயமில்லை என்று வீட்டார் நினைக்கும் அந்த நேரத்தில்தான் தாயின் இதயத்துக்குச் சுமை உச்சத்தில் இருக்கும். சிசேரியன்தான் பத்திரம் என்பதும் தப்பான எண்ணம். முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்து, கடைசியில் முக்கவிடாமல் கருவி வைத்துக் குழந்தையை எடுக்கும் சுகப்பிரசவமே பலருக்கு நல்லது.

அப்புறம், கல்யாணத்துக்காகச் சொந்தக்காரர்களிடம் மறைத்த விஷயத்தை மருத்துவரிடமும் மறைக்க வேண்டாம், அம்மா. சின்ன வயது ஆபரேஷன் ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு, கருத்தரிப்பதற்கு முன்பே ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துவிடுங்கள்.