ஆஃப்ரோ முடிக்கு முதலில் தண்ணீர், எண்ணெய் பிறகு

தெற்கு லண்டனில் எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு இந்த வாரமும் ஒரு சிறுமியைக் கூட்டி வந்தார்கள். தாய் தமிழ், தகப்பன் நைஜீரியர். காதுக்கு மேலும் நெற்றியோரத்திலும் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. அதற்கு முன்னால், பழைய முடியெல்லை இருந்த இடத்தில், மெல்லிய குட்டை முடி ஒரு வரிசை மட்டும் மிஞ்சி நிற்கிறது. அந்த வரிசையைக் கண்டாலே எங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும்: இழுத்துக் கட்டியதால் வந்த உதிர்வு. வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், எல்லாக் குடும்பமும் சொல்வதையேதான் சொல்கிறார்கள்: "நாள் தவறாமல் எண்ணெய் வைத்து, நல்லா வாரி, இறுக்கிப் பின்னி விடுறம் டொக்டர்." அக்கறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மூன்றுமே ஆஃப்ரோ முடிக்கு, அதாவது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நெருங்கிச் சுருண்ட முடிக்கு, ஆகாதவை.

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். "முடி காய்ந்து கிடக்கிறது, அதனால்தான் எண்ணெய் வைக்கிறேன்." காய்ந்து கிடப்பது உண்மை. ஆஃப்ரோ முடி வேரிலிருந்தே வளைந்து வளைந்து வருகிறது. உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அந்த வளைவுகளைத் தாண்டி நுனிவரை போய்ச் சேராது. ஆனால் அந்த வறட்சி நீர் குறைந்ததால் வருவது. எண்ணெயில் நீர் கிடையாது. வறண்ட மண்ணில் எண்ணெயை ஊற்றிப் பாருங்கள்: மினுங்கும், ஈரமாகாது. முடியை முதலில் நனைத்து, தலையில் விட்டுவிடும் லீவ்-இன் கண்டிஷனரைப் பூசி, அதற்கு மேல் நாலைந்து துளி எண்ணெய் தடவினால் உள்ளே இருக்கும் ஈரத்தை அது காக்கும். உலர்ந்த முடியில் தடவினால் உலர்ந்த முடிதான் மினுங்கும். தேங்காய் எண்ணெய் நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். முடிக்குள் ஓரளவு இறங்கக்கூடிய எண்ணெய் அது. முழுகுவதற்கு முன் முடியில் தடவி வைத்தால் புரதம் கழுவிப் போவது குறையும். ஆனால் இடம் முடி, தலைத்தோல் அல்ல. பொடுகு இருக்கிற தலைத்தோலில் எண்ணெய் தேய்த்தால் பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சைக்குத் தீனி போடுகிறீர்கள். செதில் எண்ணெயில் ஊறிப் படிந்துவிடுவதால், "பொடுகு போய்விட்டது" என்று நினைத்துக்கொண்டு மேலும் ஊற்றுகிறீர்கள். அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, தயவுசெய்து இதை மட்டுமாவது கேளுங்கள்.

அடுத்தது சீப்பு. இந்த முடி ஒவ்வொரு வளைவிலும் பலவீனமானது, உலர்ந்த நிலையில் வாரினால் அங்கேதான் ஒடியும். தினமும் வாரத் தேவையே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுகவார்க்கும் நாளில் மட்டும் சிக்கெடுங்கள். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் செய்கிற வேலை அல்ல இது.

முடியை நாலு அல்லது ஆறு பகுதியாகப் பிரித்து, ஒன்றை மட்டும் அவிழ்த்து மற்றவற்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். ஸ்ப்ரே போத்தலால் வெதுவெதுப்பான தண்ணீர் அடித்து, நீர் சொட்டும் அளவுக்கு நனையுங்கள். பகுதிக்கு ஒரு மேசைக்கரண்டி கண்டிஷனர். அடர்த்தியான தலைக்கு இன்னும் வேண்டும், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முதலில் விரலால் சிக்கைப் பிரியுங்கள். பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வேருக்கு வாருங்கள். வேரிலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒரே முடிச்சாக இறுகிவிடும். வாரி முடித்த பகுதியைத் தளர்வாக முறுக்கி விட்டு அடுத்ததற்குப் போங்கள். ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும். நுரை வழிந்து முடியில் ஓடுவதே போதும். கழுவிய பின் மறுபடி கண்டிஷனர், அலசல், துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தல். ஈரம் இருக்கும்போதே லீவ்-இன், அதற்கு மேல் எண்ணெய், கடைசியில் கொஞ்சம் க்ரீம். இரவில் சாட்டின் தொப்பி அல்லது சாட்டின் தலையணையுறை. பருத்தித் துணி ஈரத்தையும் உறிஞ்சும், முடியையும் உரசும்.

"இவ்வளவு செய்தும் வளரவில்லையே?" வளர்கிறது. ஆசியர் முடி மாதத்துக்குச் சராசரியாக 1.2 செ.மீ. வளரும்போது ஆப்பிரிக்கர் முடி 0.8 செ.மீ. அளவில் வளர்கிறது. அதுவும் உலர்ந்ததும் சுருண்டு பாதி நீளமாகவோ அதற்கும் குறைவாகவோ தெரியும். வேரில் வளர்கிற அளவுக்கு நுனி ஒடிந்துகொண்டிருந்தால் நீளம் அப்படியே நிற்கும். வளர்ச்சித் தைலம் என்று விற்கும் போத்தல்களுக்குப் பணத்தைக் கொட்டாமல் ஒடிவதை நிறுத்துங்கள்.

இனி பின்னல். தலைத்தோலை ஒட்டி வரிசை வரிசையாகப் போடும் கார்ன்ரோவோ, எக்ஸ்டென்ஷன் என்ற ஒட்டுமுடி வைத்த பின்னலோ, கெடுப்பது அதன் இறுக்கமும் கனமும்தான். தளர்வாகப் போட்ட பின்னல் முடியைப் பாதுகாக்கும். பின்னிய அன்று வலித்தால் அது இறுக்கம். "முதல் இரண்டு நாள் வலிக்கத்தான் செய்யும்" என்று பரசிட்டமோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள், அவிழ்த்துவிடுங்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் நொன்ஹ்லான்ஹ்லா குமாலோவின் குழு தென்னாப்பிரிக்கப் பள்ளி மாணவியரிடமும் பெண்களிடமும் நடத்திய ஆய்வுகளில், பின்னும்போது வலித்தவர்களுக்கு இந்த உதிர்வு கூடுதலாக இருந்தது. முடியை நேராக்கும் இரசாயனமான ரிலாக்சர் போட்ட முடியில் பின்னல் போட்டவர்களுக்கு இன்னும் கூடுதல். வேரடியில் சிறு கொப்புளம், கண்ணோரத் தோல் மேலே இழுபடுதல், பின்னலைச் சுற்றி வெள்ளைச் செதில் வட்டம், இதில் எது தெரிந்தாலும் அன்றே அவிழ்க்க வேண்டும். நெற்றியோரத்துப் பூனைமுடியைப் பின்னலுக்குள் இழுத்துச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எக்ஸ்டென்ஷனை 6 முதல் 8 வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், அவிழ்த்த பிறகு சில வாரம் தலையைச் சும்மா விடுங்கள். தொடக்கத்தில் நிறுத்தினால் சில மாதங்களில் முடி திரும்பும். வருடக்கணக்கில் இழுத்துத் தோல் வழுவழுப்பாகி, வேர்க்குழிகளே மறைந்துவிட்டால் எந்த மருந்தும் திருப்பித் தராது.

பிள்ளைகளுக்கு ரிலாக்சர் வேண்டாம். "நோ-லை" (லை என்ற காரம் இல்லாதது) என்றும் சிறுவர்களுக்கானது என்றும் பெட்டியில் போட்டு விற்பவையும் தோலை அரிக்கும் அளவுக்குக் காரத்தன்மை கொண்டவை என்று தென்னாப்பிரிக்காவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் "ஒழுங்கான" தலை கேட்கிறது என்பதற்காக நேராக்க வருகிற பெற்றோரும் உண்டு. பிரித்தானியாவின் சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் 2022 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது: ஆஃப்ரோவையோ பின்னலையோ விலக்கே இல்லாமல் தடைசெய்யும் பள்ளி விதி பெரும்பாலும் சட்டவிரோதமாகவே இருக்கும். அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று, குடும்ப மருத்துவர்களிடமும் தவறுகிற ஒன்று. பள்ளி வயதுப் பிள்ளைக்குச் செதிலோடு திட்டுத் திட்டாக முடி உதிர்ந்து, ஒடிந்த முடி கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்து, கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தால் அதைப் பொடுகு என்று விடாதீர்கள். அது தலைப்படர்தாமரையாக, அதாவது தலைத்தோலில் வரும் பூஞ்சைத் தொற்றாக, இருக்கலாம். பூச்சு மருந்து வேருக்குள் போகாது. டெர்பினஃபின் அல்லது கிரிசியோஃபுல்வின் வாயால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். சீழ்க்கட்டி போல வீங்கினாலும் கீறக் கூடாது. வீட்டில் மற்றப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். சீப்பு, தொப்பி, கிளிப்பர் பொதுவில் வைக்காதீர்கள். சிகிச்சை தொடங்கியதும் பள்ளிக்கு அனுப்பலாம்.

எங்களிடம் வரும் நாளில் பின்னலை அவிழ்த்து, எண்ணெய் வைக்காமல் கூட்டி வாருங்கள். எண்ணெய் படிந்த தலையில் செதிலையே பார்க்க முடியாது. வீட்டில் பாவிக்கும் எல்லாப் போத்தல்களின் பின்பக்கத்தையும் படமெடுத்து வாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு படம், நெற்றி தெரிகிற மாதிரி, கைபேசியில் இருந்தால் அதையும் காட்டுங்கள்.