இரட்சிப்பு: காப்பா, மீட்பா, உய்வா?

இரட்சிப்பு என்பது தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாள்தோறும் புழங்கும் சொல். பேச்சில் அது 'ரட்சிப்பு'. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் எழுத்தில் ஓர் இகரம் முன்னால் ஒட்டிக்கொண்டது. இரட்சகர், இரட்சணியம், இரட்சிக்கப்பட்டவர் என்று அதற்கு ஒரு குடும்பமே உண்டு. பாவத்திலிருந்தும் அது கொண்டுவரும் அழிவிலிருந்தும் கடவுள் மனிதரை விடுவித்து வாழ்வில் சேர்ப்பதுதான் இரட்சிப்பு என்பது பொதுவான விளக்கம். கத்தோலிக்கர் இதையே மீட்பு என்பார்கள்.

விளக்கத்தில் குறையில்லை. ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. ஊழியக்காரர்கள் 'ஆத்துமபாரம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். பிறருக்குச் சொல்லாமல் இருக்கவே முடியாதபடி நெஞ்சை அழுத்தும் சுமை அது. புதிய ஏற்பாட்டின் கடிதங்கள் பலவற்றை எழுதிய பவுல் அதை இன்னும் கடுமையாகச் சொன்னார்: "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ." எதற்கு இத்தனை பதற்றம்? இரட்சிப்பு என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்காது. அந்தச் சொல்லின் வேரே இதை மூடிவைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வேர், வடமொழியின் 'ரக்ஷ்'. காத்தல், பேணுதல், காவல் செய்தல் என்பன அதன் பொருள்கள். அரசன் குடிகளை இரட்சிக்கிறான். தெய்வம் அடியாரை இரட்சிக்கிறது. தீங்கு அண்டாதபடி கட்டிக்கொள்வது இரட்சை. நேர்த் தமிழில் சொன்னால் காப்பு. நூலைத் தொடங்கும்போது பாடுகிறோமே, காப்புச் செய்யுள், அதே காப்பு. இடையூறு வருமுன் போடுகிற வேலி என்பதால் இதில் அமைதி இருக்கிறது. காக்கப்படுகிறவன் தூங்கிக்கொண்டுகூட இருக்கலாம். ஆபத்து இன்னும் வெளியில்தான் நிற்கிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் வேறு தட்பவெப்பத்தில் வளர்ந்தது. வினை 'சோட்சோ', பெயர் 'சோட்டேரியா'. போரில் சாகாமல் வருவது, நோயிலிருந்து எழுவது, கடலில் மூழ்காமல் கரை சேர்வது எல்லாம் அந்த ஒரே சொல்தான். படகில் அலை ஏறியபோது சீடர்கள் "ஆண்டவரே, எங்களை இரட்சியும், மடிந்துபோகிறோம்" என்று கத்தியதும், தண்ணீரில் அமிழ்ந்த பேதுரு "என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டதும் அதே வினை. பெரும்பாடுள்ள, அதாவது தீராத உதிரப்போக்குள்ள பெண்ணிடம் இயேசு சொன்ன "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்பதிலும் அதுவே. அங்கே அவளுக்கு நேர்ந்தது உடல்நலம். எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி 'சோட்டேர்' என்று பட்டம் சூட்டப்பட்டான். மன்னர்களுக்குக் கொடுத்த அந்தப் பட்டத்தைத்தான் முதல் கிறிஸ்தவர்கள் சிலுவையில் மாண்ட ஒருவருக்குக் கொடுத்தார்கள்.

எபிரெயத்தில் இந்தப் பொருள் இயேசுவின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'யேசுவா' என்றால் கர்த்தர் இரட்சிக்கிறார் என்று பொருள். "அவருக்கு இயேசு என்று பேரிடுவாயாக; ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்" என்ற வசனத்தில் வரும் 'ஏனெனில்' தமிழில் கொஞ்சம் அந்தரத்தில் தொங்குவது போலப் படும். எபிரெயம் தெரிந்தவர் காதில் அது பெயர்க்காரணம்.

சொல்லின் சூடு முழுவதும் தெரிகிற இடம் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். புயல். பதினான்காம் இரவு. கப்பலில் 276 பேர். கரை நெருங்குகிறது என்று கப்பலாட்களுக்குத் தெரிந்துவிட்டது. முன்னணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில், நங்கூரம் போடப் போகிறவர்கள் போலப் பாசாங்கு செய்து, தாங்கள் மட்டும் ஓடிப்போகப் படகை இறக்குகிறார்கள். பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்." போர்ச்சேவகர் உடனே கயிற்றை அறுத்துப் படகைத் தாழ விழவிடுகிறார்கள்.

'தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்' என்று தமிழில் வந்த இடத்தில் கிரேக்கத்தில் நிற்பது மற்ற இடங்களில் 'இரட்சிக்கப்படுதல்' என்று பெயர்க்கப்பட்ட அதே வினை. மொழிபெயர்த்தவர்கள் கப்பல் கவிழும் இடத்தில் வடசொல்லை விட்டுவிட்டு வாய்ச்சொல்லுக்கு வந்துவிட்டார்கள். வந்ததும் நல்லதாயிற்று, ஏனென்றால் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களும் ஆச்சரியமானவை.

தப்பு என்றால் குற்றம். தப்புதல் என்றால் உயிர் பிழைத்தல். 'குறி தப்பியது' என்றால் இலக்கு தவறியது. பிழை என்றால் குற்றம். பிழைத்தல் என்றால் தவறு செய்தல், சாகாமல் வாழ்தல் இரண்டும். விவிலிய மொழிகளில் பாவத்துக்கான சொற்களின் அடிப்படையும் இலக்குத் தவறுதல்தான். கிரேக்கத்தில் 'ஹமார்த்தியா'. எபிரெயத்தில் 'ஹாத்தா', நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிகிற இடதுகை வீரர்கள் 700 பேரைப் பற்றிச் சொல்கிற இடத்தில் அந்த 'தப்பாமல்' இதே வேர். ஆகவே தமிழில் நோயின் பெயரும் நலத்தின் பெயரும் ஒரே வேரில் கிடக்கின்றன. பிழைத்தவன் பிழைக்க வேண்டும். 'மனிதருக்கு இரட்சிப்பு எதற்கு' என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி" என்று ரோமர் 3:23 சொல்வதும் எல்லாருடைய அம்பும் விலகிப்போயிற்று என்பதைத்தான்.

வள்ளுவருக்கும் இந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன: "எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் / பெரியார்ப் பிழைத்தொழுகு வார்." தீயில் சிக்கினாலும் தப்ப வழியுண்டு, பெரியாரிடம் பிழை செய்தவருக்கு இல்லை என்கிறார். இந்தக் கடைசி இடத்தில் நற்செய்தி குறளோடு முரண்படுகிறது. பிழை செய்யப்பட்ட பெரியவரே பிழைக்க வைக்க வருகிறார் என்பதுதான் அதன் செய்தி.

அப்படியிருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் இரட்சிப்பைப் பிடித்துக்கொண்டார்கள்? காலம் அப்படி. இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல் கொல்லத்தில் 1578இல் வந்தது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி, உயர்ந்த சமயக் கருத்துக்கு வடசொல்லே தகும் என்ற அன்றைய நடைமுறையோடு போனார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். பிறகு பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு, அதன்பின் 1871இல் பவர் தலைமையில் வந்த திருத்தம். அந்தத் திருத்தத்தின் வழிவந்த வேதாகமம்தான் இன்றும் சீர்திருத்தச் சபைகளின் நாவில் இருக்கிறது. 1882இல் இந்தியாவுக்கு வந்த 'சால்வேஷன் ஆர்மி' என்ற கிறிஸ்தவ அமைப்பு தமிழில் 'இரட்சணிய சேனை' ஆயிற்று. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் தம் காப்பியத்துக்கு இரட்சணிய யாத்திரிகம் என்று பெயரிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு: 'ரக்ஷணீய' என்ற வடிவத்துக்கு வடமொழி இலக்கணப்படி 'காக்கப்பட வேண்டியது' என்றே பொருள். தேவையைச் சொல்லும் வடிவம், தேவை தீர்ந்ததைச் சொல்லும் பெயராகிவிட்டது.

இனி மீட்பு. மீள் என்பது திரும்பி வருதல். மீட்டல் என்பது திரும்பக் கொண்டுவருதல். பிறரிடம் போய்விட்ட ஒன்று முதலில் நம்முடையதாக இருந்தது என்பது இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்பது கரந்தைத் திணை. அப்படி மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு நடுகல் நட்டு, 'தொறு மீட்டுப் பட்டான்' என்று பொறித்தார்கள். தொறு என்றால் ஆநிரை. பட்டான் என்றால் இறந்தான். மந்தையை மீட்கப் போய் மாண்டவன். "நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான்" என்ற வசனத்தைத் தமிழருக்கு விளக்க ஒருவர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. தமிழில் மீட்பு என்ற சொல்லுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு சாவு நிற்கிறது.

1995இல் வெளியான விவிலியப் பொது மொழிபெயர்ப்பு மீட்பு, மீட்பர் என்றே எழுதுகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஒரு குறையோடு. பழைய மொழிபெயர்ப்பு மீட்பு என்ற சொல்லை விலைகொடுத்து விடுவிப்பதைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்லுக்கு ஒதுக்கி வைத்திருந்தது. "அநேகரை மீட்கும்பொருளாக" என்பது அந்த வகை. யோபுவின் "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்பது இழந்த நிலத்தையும் அடிமைப்பட்ட உறவினனையும் மீட்கக் கடமைப்பட்ட நெருங்கிய சொந்தக்காரனைக் குறிக்கும் எபிரெயச் சொல். இரட்சிப்பையும் இந்த விலைகொடுத்த மீட்பையும் ஒரே சொல்லால் சொன்னால் விலை எங்கே, விடுதலை எங்கே என்ற வேறுபாடு மங்கும். மங்கினாலும் பெரிய நட்டமில்லை என்பேன். காப்பு என்ற பொருளில் உறங்கிப்போவதைவிட அது மேல்.

மீட்பு கடவுளின் செயலைச் சொல்கிறது. மனிதன் அடைவதைச் சொல்ல உய்வு இருக்கிறது. "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்" என்ற குறளும், "உய்யுமாறு எண்ணி" என்ற ஆண்டாளின் அடியும் இதைத் தமிழ்ச் சமய மொழியின் நடுவிலேயே வைத்திருக்கின்றன. தானே உய்வது போலத் தோன்றுவது இதன் பலவீனம். 'உய்வித்தார்' என்று பிறவினையாக்கினால் அது சரியாகிவிடும். வீடு, முத்தி, மோட்சம் ஆகியவை வேறு. அவை பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதைச் சொல்பவை. பேச்சு வழக்கில் மோட்சம் கிறிஸ்தவர்களிடமும் பரலோகத்துக்குப் பெயராக உலவினாலும் இரட்சிப்புக்கு ஈடாகாது.

இப்போது அந்த ஆத்துமபாரத்துக்கு வரலாம். 'பிரசங்கம்' என்ற வடசொல்லுக்கு அடிப்படையில் ஒட்டுதல், தொடர்பு என்று பொருள். அதிலிருந்து பேசும் பொருள், பிறகு பேச்சு. அதிகப்பிரசங்கி என்று யாரைச் சொல்வோம் என்பதும் தெரிந்ததே. பிரசங்கிப்பதற்குக் கிரேக்கத்தில் பல இடங்களில் வருவது 'கேரூசோ', அதாவது அரசனின் ஆணையைத் தெருவில் நின்று உரக்க அறிவிப்பது. தமிழில் முரசறைதல், சாற்றுதல். முரசறைபவனுக்குச் சொந்தக் கருத்து கிடையாது. செய்தியைக் கூட்டவோ குறைக்கவோ தள்ளிப்போடவோ உரிமையும் கிடையாது. சுவிசேஷம் என்ற சொல் இதைவிட எளிது: 'என்ன விசேஷம்?' என்று கேட்கிறோமே, அந்த விசேஷத்தோடு நன்மையைச் சுட்டும் 'சு' சேர்ந்தது. நற்செய்தி என்பது அதன் நேர்த் தமிழ்.

ஏசாயா 52:7இல் இவை எல்லாம் ஒன்றுகூடுகின்றன. இடிந்து கிடக்கும் எருசலேமை நோக்கி மலைமேல் ஒருவன் வருகிறான். சமாதானத்தைக் கூறி, இரட்சிப்பைப் பிரசித்தப்படுத்துகிற அவனுடைய பாதங்கள் எவ்வளவு அழகாயிருக்கின்றன என்கிறது வசனம். அழகு முகத்துக்கோ குரலுக்கோ இல்லை, கால்களுக்கு. பவுல் இதே வசனத்தை ரோமர் 10இல் எடுத்து, அதற்கு முன்னால் கேள்விகளை அடுக்குகிறார்: கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்? அவசரம் இங்கிருந்துதான் வருகிறது. காப்பு என்றால் அறிவிக்க வேண்டியதில்லை. காவலாளி தன் வேலையைச் செய்துகொண்டிருப்பான். மீட்பு வந்துவிட்டது என்றால், சிறையில் இருப்பவனுக்கு யாராவது போய்க் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லும் காவலாளன், பட்டயம் (வாள், அதாவது படை) வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாவிட்டால், மாண்டவனின் இரத்தப்பழி அவன்மேல் விழும். "இறுதி பயப்பினும் எஞ்சாது இறைவற்கு / உறுதி பயப்பதாம் தூது" என்று தூதனுக்கு வள்ளுவர் வகுத்ததும் இந்தக் கடமையைத்தான்.

காலத்தைப் பற்றிய சொற்களும் இப்படித்தான். "இதோ, இப்பொழுதே அநுக்கிரககாலம், இப்பொழுதே இரட்சணியநாள்" என்ற வசனத்தில் காலத்துக்குக் கிரேக்கம் வைப்பது 'கைரோஸ்', வாய்த்த வேளை. எபேசியர் 5:16இல் "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று தமிழ் சொல்வதைக் கிரேக்கம், வேளையை விலைகொடுத்து மீட்டுக்கொள்ளுங்கள் என்கிறது.

அவசரம் என்றவுடன் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு. பயமுறுத்தினால்தான் ஆத்தும ஆதாயம் என்று நினைப்பவர்களும் உண்டு. மறுபடி அந்தக் கப்பலைப் பாருங்கள். பொழுது விடியும்போது பவுல் செய்தது, அத்தனை பேரையும் சாப்பிடச் சொல்லி, தானே அப்பத்தை எடுத்துப் பிட்டுப் புசித்தது. உங்கள் 'சோட்டேரியா'வுக்கு இது உதவும் என்று சொல்லித்தான் சாப்பிடச் சொன்னார். ஆபத்தை ஒளிக்கவில்லை. கத்தவும் இல்லை.

வழக்கில் இன்னொரு நெருடல். "நீங்க எந்த வருஷம் ரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்பது சபைகளில் சகஜம், சாட்சி சொல்பவர் தேதி, மணியோடு சொல்வார். புதிய ஏற்பாடு இந்தச் சொல்லை மூன்று காலத்திலும் வைத்திருக்கிறது. எபேசியர் 2:8இல் "இரட்சிக்கப்பட்டீர்கள்". 1 கொரிந்தியர் 1:18இல் "இரட்சிக்கப்படுகிற நமக்கோ". ரோமர் 13:11இல் அது இன்னும் வரவேண்டியது: விசுவாசிகளானபோது இருந்ததைவிட இப்பொழுது அதிக சமீபமாயிருக்கிறது, ஆகவே நித்திரையைவிட்டு எழுந்திருங்கள். தேதி சொல்ல முடிந்தவர்கள் சொல்லட்டும். தேதி தெரியாதவரைச் சந்தேகிக்க இந்தச் சொல் இடம் தருவதில்லை.

எழுதும்போது நான் வைத்துக்கொள்ளும் வழக்கு இது: கடவுள் செய்ததைச் சொல்ல மீட்பு, மனிதர் அடைந்ததைச் சொல்ல உய்வு, புயலும் நோயும் வரும் இடங்களில் தப்பிப் பிழைத்தல். ஜெபத்திலும் பாட்டிலும் பழகிய இரட்சிப்பை மாற்றச் சொல்ல மாட்டேன். முந்நூறு ஆண்டு அழுகையும் நன்றியும் அதில் ஊறியிருக்கின்றன. விளக்கம் சொல்லும் நேரத்தில் மட்டும் அதைக் காப்பு என்று விரிக்காமல் இருந்தால் போதும்.