கார்வெட்டின் என்ஜின் அதனோடு பிறந்ததுதானா?

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவ்ரோலே கார்வெட்டின் 1967 மாடலில் மொத்தம் 22,940 கார்கள் தயாராயின. அவற்றில் 3,754 கார்களுக்குத்தான் மூன்று கார்புரேட்டர் வைத்த, 435 குதிரைசக்தி தரும் 427 கன அங்குல என்ஜின் கிடைத்தது. இன்று அந்த 3,754-ல் ஒன்று என்றால் விலையே வேறு. அதனால் சின்ன என்ஜினோடு வந்த காரில் பெரிய என்ஜினை ஏற்றி, என்ஜினில் பொறித்திருக்கும் அடையாள எண்ணையும் அதற்கேற்ப அடித்து விற்கும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. இதைக் கண்டுபிடிப்பவர்கள் எண்ணைப் படித்ததும் திருப்தி அடைவதில்லை. எண்ணைச் சுற்றியிருக்கும் இரும்பைத்தான் நீண்ட நேரம் பார்க்கிறார்கள். எண் அடிக்கும் அச்சை யாரும் வாங்கிவிடலாம். அன்றைய தொழிற்சாலையின் வெட்டு இயந்திரம் எங்கே கிடைக்கும்?

என்ஜினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு தட்டையான சிறு திட்டு இருக்கிறது. அதில் இரண்டு குறியீடுகள் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று ‘டி 0314 ஜேஇ’ என்பதுபோல இருக்கும். நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலையில், மார்ச் 14-ஆம் தேதி பூட்டிய, 435 குதிரைசக்தி வகை என்று அதற்குப் பொருள். மற்றொன்று மாடல் ஆண்டின் 7-ஐயும் காரின் வரிசை எண்ணையும் சேர்த்தது. இது செயின்ட் லூயிஸில், கார் பூட்டும் ஆலையில் அடிக்கப்பட்டது. ஊரும் வேறு, கையும் வேறு, அச்சும் வேறு. எனவே இரண்டும் ஒரே ஆழத்தில், ஒரே எழுத்து வடிவத்தில், ஒன்றுக்கொன்று நேராக உட்கார்ந்திருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்பட வேண்டும்.

இனி மேற்பரப்பு. ஹெட் உட்காரும் முகத்தையும் இந்தத் திட்டையும் ஆலையில் ஒரே சமயத்தில் சீவினார்கள். வரிசையாகப் பல் வைத்த ஒரு பெரிய வெட்டுக் கருவி, என்ஜினின் முக்கிய வார்ப்பான பிளாக்கின் நீளவாக்கில் ஒரே இழுப்பாக ஓடும். சீப்பால் வாரியதுபோல, முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் விழும். எழுத்து அடித்தது அதற்குப் பிறகு. அச்சு இறங்கும்போது இரும்பு நசுங்கி, எழுத்தின் ஓரத்தில் நுண்ணிய கரையாக எழும்பும். கோடுகளும் அந்தக் கரையோடு சேர்ந்து வளையும். பழைய எண்ணைத் தேய்த்து எடுத்தால் கோடுகளும் போய்விடும். சரி, உப்புத்தாளால் புதுக் கோடு போட்டுவிடலாமே என்று சிலர் முயல்கிறார்கள். எழுத்து அடித்த பிறகு போட்டால், கோடு கரையை வெட்டிக்கொண்டு போகும், கரையும் மழுங்கிவிடும். முன்பே போட்டால் வரிசை சரியாக வரும், ஆனால் உப்புத்தாள் கீறல் ஆழத்திலும் இடைவெளியிலும் சீராக இராது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சாய்வாக விழும் வெளிச்சமும் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது தேதி. பிளாக்கை வார்த்த நாள் அதன் பக்கவாட்டில் புடைப்பெழுத்தாக இருக்கும். மணல் அச்சிலேயே எழுத்து இருந்ததால்தான் அந்தப் புடைப்பு. ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று மாதம் ஓர் எழுத்து, அப்புறம் நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம். ‘சி 1 7’ என்றால் 1967 மார்ச் 1. வார்த்த நாள் முதலில், என்ஜின் பூட்டிய நாள் அடுத்து, கார் வெளிவந்த நாள் கடைசியில் என்ற வரிசை மாறவே முடியாது. மார்ச்சில் ஓடத் தொடங்கிய காரில் மே மாதம் வார்த்த பிளாக் இருந்தால் பேச்சு முடிந்தது. ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர், கண்ணாடி எல்லாவற்றிலும் தேதிக் குறியீடு உண்டு. ஸ்பார்க் பிளக் வயரில்கூட எந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சேசிஸின் எஃகுச் சட்டத்திலும் வரிசை எண் அடிக்கப்பட்டிருக்கும். அதைத் தேய்த்து அழித்தாலும் அடியில் இருக்கும் எஃகு அடிபட்ட நிலையிலேயே இருக்கும். நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் அமிலத்தில் வெவ்வேறு விதமாக அரிக்கும். தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ‘ஃப்ரை’ கரைசலைத் தடவினால், அழிந்த எண் மங்கலாக எழுந்து வரும். தடயவியல் கூடங்களின் பழைய முறை இது. வார்ப்பிரும்பு எஃகைப்போல நெகிழ்ந்து நசுங்காது என்பதால் என்ஜின் பிளாக்கில் இது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

பெயின்ட் விஷயத்தில் கார்வெட் கொஞ்சம் படுத்தும். உடல் முழுக்க ஃபைபர் கிளாஸ் என்பதால், காந்தத்தால் தடிமன் அளக்கும் சாதாரணக் கருவி வேலை செய்யாது, மீயொலிக் கருவி வேண்டும். அன்று அடித்தது அக்ரிலிக் லாக்கர். அது கரைப்பான் ஆவியாகித்தான் காய்கிறது, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில்லை. ஆகவே மறைவான மூலையில் லாக்கர் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தால் இன்றும் நிறம் பஞ்சில் ஏறும். பின்னாளில் வந்த இருகூறு யூரித்தேன் பெயின்ட் அப்படிக் கரையாது. கரையவில்லை என்றால் மறுபூச்சு என்று சொல்லிவிடலாம். கரைந்தால் ஆலைப் பூச்சு என்று சொல்லிவிட முடியாது, பிற்காலத்திலும் லாக்கர் அடித்திருக்கலாமே.

எண் இல்லாத என்ஜின் எல்லாம் திருட்டு வேலை என்று நினைப்பதும் தவறு. ஹெட் உட்காரும் முகம் கோணிப்போனால் மெக்கானிக் அதைச் சீவித்தான் ஆகவேண்டும், திட்டும் கூடவே சீவப்பட்டு எண் போய்விடும். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வார்த்த தேதியும், பிளாக் எந்த வகை என்று காட்டும் வார்ப்பு எண்ணும் காருக்குப் பொருந்தினால், ‘இதே காரின் என்ஜினாக இருக்கலாம்’ என்று எழுதலாம். ‘இதே என்ஜின்தான்’ என்று எழுத அந்தத் திட்டில் ஆதாரம் மிச்சமில்லை.