நெடுங்கால் ஈ: ‘டோலிகோபோடிடே’ என்னும் சொல்லின் பொருளும் புழக்கமும்

டோலிகோபோடிடே என்பது ஈக்களில் ஒரு குடும்பத்தின் பெயர். தமிழில் இதை நெடுங்கால் ஈக்கள் குடும்பம் எனலாம். தோட்டத்தில் அகன்ற இலைகளின் மேல் வெயில் படும் இடத்தில் விறுவிறுவென்று ஓடி, நின்று, சட்டெனப் பறந்து, மீண்டும் அதே இலைக்கு வந்து உட்காரும் உலோகப் பச்சை நிறச் சிற்றீக்கள் பெரும்பாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவற்றின் உடல் நீளம் 2 முதல் 5 மி.மீ. வரை. உலகெங்கும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். வெப்பமண்டலக் காடுகளில் இன்னும் பெயர் பெறாதவை ஏராளம்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘டோலிகோஸ்’ என்றால் நீண்டது. ‘பூஸ்’ என்றால் பாதம் அல்லது கால். பழைய ஒலிம்பியப் போட்டிகளில் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கும் டோலிகோஸ் என்றே பெயர். வேளாண்மை படித்தவர்களுக்கு இந்தச் சொல் வேறு வழியில் அறிமுகமாகியிருக்கும்: அவரையின் பழைய அறிவியல் பெயர் டோலிகோஸ் லாப்லாப், கொள்ளின் பழைய பெயர் டோலிகோஸ் பைஃப்ளோரஸ். ‘பூஸ்’ நமக்கு ஆக்டோபஸ் என்ற சொல்லில் பழக்கமானதுதான்.

பிரெஞ்சு விலங்கியலாளர் லாட்ரெய் 1796-இல் டோலிகோபஸ் என்ற பேரினத்தை நிறுவினார்; 1809-இல் அதன் அடிப்படையில் குடும்பப் பெயர் வந்தது. ‘பஸ்’ என்று முடியும் பேரினம் குடும்பப் பெயரில் ‘போட்’ என்று மாறுவதற்குக் காரணம் கிரேக்க இலக்கணம். பூஸ் என்பதன் வேற்றுமை வடிவம் ‘போடோஸ்’. அதிலிருந்து விகுதியை நீக்கினால் ‘போட்’ என்ற அடி கிடைக்கும். அதனுடன் குடும்பத்தைக் குறிக்கும் ‘இடே’ சேரும். ‘டோலிகோபிடே’ என்று எழுதுவது ஆகவே பிழை. துணைக்குடும்பத்துக்கு விகுதி ‘இனே’: சையாபோடினே, மெடெடெரினே.

இனித் தமிழ். இந்த ஈக்களைப் ‘பச்சை ஈ’ என்று எழுதுவது எளிது, ஆனால் தவறான இடத்துக்குக் கொண்டு போகும். அழுகிய இறைச்சியிலும் குப்பையிலும் மொய்க்கும் தடித்த லூசிலியா ஈயும் பளபளக்கும் பச்சைதான். சில படைவீரர் ஈக்களும் பச்சை. நான்கு சிறகுள்ள கால்சிட் குளவிகளில் பலவும் பச்சை. ‘நீண்ட கால் ஈ’ பொருளளவில் சரி. ஆனால் அச்சில் ஒரு புள்ளி விடுபட்டால் ‘நீண்ட கால ஈ’ ஆகிக் காலத்தைக் குறித்துவிடும். ‘நெடுங்கால்’ என்ற தொகையிலும் புள்ளி விடுபட்டால் அதே சிக்கல் வரும், ஆனால் அது ஒரே சொல்லாக நிற்கும். நெடுங்கால் உள்ளான் என்று பறவைப் பெயரில் ஏற்கெனவே வழங்குவதால் காதுக்கும் புதிதல்ல. இதைவிட நீளமான கால் கொண்ட ஈக்கள் வேறு குடும்பங்களில் உண்டு என்று சிலர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் கிரேக்கப் பெயருக்கும் அதே குறை இருக்கிறது. ஒரு பெயர் முழு இலக்கணத்தையும் சுமக்க வேண்டியதில்லை. நெடுங்கால் ஈ என்பதையே நிலையாகக் கொள்ளலாம்.

காலை வைத்துப் பெயரிட்டது இக்குடும்பத்தைப் பொறுத்தவரை மிகப் பொருத்தம் என்பது, புதிய சிற்றினத்தை விவரிக்க உட்கார்ந்தால் தெரியும். நிறம் இங்கே கொஞ்சம்தான் உதவும். இந்தப் பச்சை பெரும்பாலும் சாயத்தால் வருவதல்ல. மேல்தோலின் மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பிரதிபலிப்பதால் வருவது. பார்க்கும் கோணம் மாறினால் பச்சை நீலமாகவோ செம்பாகவோ தெரியும். ஆல்கஹாலில் நனைந்திருக்கும்போது ஒரு நிறம், உலர்ந்தபின் ஒரு நிறம். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறியிருக்கும். நிறத்தை மட்டும் நம்பி எழுதிய பழைய விவரிப்புகளில் பல, எந்த ஈயைக் குறிக்கின்றன என்று மாதிரியைப் பார்க்காமல் சொல்ல முடியாதவை.

குடும்பத்தை உறுதி செய்யச் சிறகைப் பார்க்க வேண்டும். சிறகின் அடியறைக்கும் நடுவறைக்கும் இடையே இருக்க வேண்டிய குறுக்கு நரம்பு இவற்றில் இல்லை. இரண்டும் ஒரே அறையாகக் கலந்திருக்கும். இலைமேல் ஓடும் பளிச்சென்ற பச்சை ஈக்கள் பலவும் அடங்கும் சையாபோடினே துணைக்குடும்பத்தில் உச்சந்தலை இரு கண்களுக்கிடையே ஆழமாகக் குழிந்திருக்கும். பல பேரினங்களில் நடு நரம்பு கவைபோல் இரண்டாகப் பிரிந்து, முன்கிளை முழங்கை மடிப்பது போல வளையும்.

சிற்றினத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஆண் ஈயின் இரண்டு இடங்கள். ஒன்று கால். முன்பாதக் கணு ஒன்று தட்டையாக விரிந்திருக்கும், கணைக்காலில் வரிசையாக வளைந்த மயிர்கள் நிற்கும், ஒரு கணுவுக்கு மட்டும் வெள்ளி நிறம் இருக்கும். இவை பெண்ணை ஈர்க்கும் ஆண் அடையாளங்கள். துறையில் இவற்றுக்கு ‘ஆணின் இரண்டாம்நிலைப் பால்பண்புகள்’ என்று பெயர். ஐரோப்பியக் குட்டைகளின் ஓரத்தில் வாழும் பீசிலோபோத்ரஸ் நொபிலிடேட்டஸ் ஆண், கருஞ்சிறகின் வெள்ளை நுனியை அசைத்துப் பெண்முன் ஆடும். அங்கே அடையாளம் சிறகில். மற்றொன்று வயிற்றின் கடைசி. அங்குள்ள பிறப்புறுப்புத் தொகுதிக்கு ‘ஹைப்போபிஜியம்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ கீழ், ‘பூகே’ பிட்டம். தமிழில் ‘ஆண் கடைப்பகுதி’ என்றால் போதும்.

கடைப்பகுதியில் புதியவர்கள் தவறாமல் இடறும் ஓர் இடம் இருக்கிறது. வளர்ச்சியின்போது இவ்வுறுப்பு முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு அடியில் மடங்கிவிடுகிறது. விவரிப்பில் ‘மேல்’, ‘கீழ்’ என்று வருவது மடங்குவதற்கு முந்தைய நிலையைக் குறிக்கும். அதனால் பக்கவாட்டுப் படத்தில் தாளின் மேற்புறம் இருப்பது உறுப்பின் கீழ்ப்பக்கம். தாளின் அடியில் இருப்பது மேற்பக்கம். இதைச் சொல்லாமல் வரைந்தால், வேறொருவர் தம் மாதிரியைத் தலைகீழாக ஒப்பிட்டு, இல்லாத ஒரு சிற்றினத்தை உண்டாக்கிவிடுவார். ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் டான் பிக்கல் 1994-இல் ஆஸ்திரேலிய சையாபோடினே பற்றி வெளியிட்ட பெருந்தொகுப்பு, இந்த ஈக்களை எப்படி அளந்து, எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதற்கு இன்றும் நல்ல முன்மாதிரி.

மாதிரி சேகரிக்கும் கட்டத்திலேயே பாதி வேலை கெட்டுப்போகும். மஞ்சள் நிறக் கிண்ணத்தில் தண்ணீரும் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டுத் தரையில் வைத்தால் இவை நிறைய விழும்; சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஈ மூழ்கும். வெயில் காலத்தில் ஒரு நாளுக்கு மேல் விட்டால் உடல் ஊறி முள்மயிர்கள் உதிரும். வலையில் பிடித்தால் கால் முறியும் வாய்ப்பு அதிகம். முன்கால் இல்லாத ஆண் ஈ பல பேரினங்களில் பெயரிடத் தகுதியற்றது. உடலமைப்பு ஆய்வுக்கு 70 விழுக்காடு எத்தனால் ஏற்றது. 95 விழுக்காட்டில் உடல் விறைத்துக் கால்கள் எளிதில் ஒடியும், ஆனால் டி.என்.ஏ. நன்றாக நிலைக்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே இடத்து ஈக்களை இரண்டு குப்பிகளில் பிரித்து வைப்பது நல்லது.

எத்தனாலிலிருந்து எடுத்து அப்படியே காற்றில் உலர்த்தக் கூடாது. கண்ணும் மார்பும் உள்வாங்கிச் சுருங்கும். தூய எத்தனாலுக்கு மாற்றி, பின் ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்ற, எளிதில் ஆவியாகும் திரவத்தில் ஊறவைத்து, நச்சுக்காற்று வெளியேற்றும் பெட்டிக்குள் ஆவியாக விட வேண்டும். அல்லது உய்யநிலைப் புள்ளி உலர்த்தியைப் பயன்படுத்தலாம். உலர்ந்த ஈயை முக்கோண அட்டை நுனியில் மார்பின் வலப்பக்கத்தை மட்டும் தொட்டு ஒட்டுவது வழக்கம். பசை அதிகமானால் காலடியில் உள்ள முள்மயிர்கள் மூடிவிடும்.

கடைப்பகுதியைப் பார்க்க வயிற்றின் பின்பாதியை வெட்டி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மெதுவாகச் சூடாக்க வேண்டும். தசை கரைந்து தோல் தெளியும். அதிக நேரம் விட்டால் எல்லாம் கண்ணாடியாகி மெல்லிய மடல்களின் விளிம்பே தெரியாது. எனவே அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். தெளிந்ததும் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கழுவிக் காரத்தை நீக்கி, கிளிசரினில் வைத்து, இடப்பக்கத் தோற்றத்தை வரைவது மரபு. வேலை முடிந்ததும் கிளிசரினோடு சிறு குப்பியில் இட்டு, அதே ஈயின் ஊசியிலேயே குத்திவைக்க வேண்டும். வேறு பெட்டிக்குப் போனால் உடலும் உறுப்பும் பிரிந்து மாதிரி பயனற்றதாகும்.

விவரிப்பின் உடல் பகுதி தலை, மார்பு, கால், சிறகு, வயிறு என்ற வரிசையில் போகும். இவற்றில் கால்தான் மிக நீளம். முன், நடு, பின் கால்களுக்கு ரோம எண் ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் கணைக்காலின் நீளமும் ஐந்து பாதக் கணுக்களின் நீளமும் விகிதமாக வரும். ஒவ்வொரு முள்மயிரும் முன்மேல், பின்மேல், முன்கீழ், பின்கீழ் எந்தப் பக்கம், கணைக்காலின் எந்தப் பங்கில் இருக்கிறது என்று எழுத வேண்டும். ‘காலில் சில மயிர்கள்’ என்ற வரி யாருக்கும் உதவாது. ‘மூன்றாம் கணைக்காலில், நீளத்தின் நான்கில் ஒரு பங்கில் ஒரு வலிய முன்மேல் மயிர்’ என்றால் அடுத்தவர் சரிபார்க்க முடியும். இதற்கு முன்னால் வேறுபடுத்துக் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும்: நெருங்கிய சிற்றினத்திலிருந்து இது எதனால் வேறு என்பதைச் சில வரிகளில் சொல்வது. பலர் இதைக் கடைசியில் அவசரமாக எழுதுகிறார்கள். வாசகர் முதலில் தேடுவது இதைத்தான்.

பெண் ஈக்கள் பெரிய சிக்கல். ஒரே பேரினத்தின் பல பெண்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பொறியில் விழுந்ததால் இந்த ஆணுக்கு இந்தப் பெண் என்று சேர்க்கக் கூடாது. சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 கார இணைகள் கொண்ட பகுதியை ஒப்பிட்டுச் சேர்க்கலாம். அது இல்லையென்றால் ஆணை மட்டும் விவரித்து நிறுத்துவதே நேர்மை.

பெயர் வைப்பதற்கு அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு உண்டு. 1999-க்குப் பிறகு வரும் எந்தப் புதிய சிற்றினப் பெயருக்கும், அது புதிது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்; பெயர் தாங்கும் மாதிரியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் தாங்கும் ஒற்றை மாதிரி ‘ஹோலோடைப்’. தமிழில் மூலமாதிரி எனலாம். அதனுடன் சேர்த்துப் பட்டியலிட்ட மற்றவை ‘பாராடைப்’, துணைமாதிரிகள். மூலமாதிரியாகக் கால்கள் முழுதாக உள்ள ஆணையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப உரிச்சொல்லின் விகுதி மாறும். டோலிகோபஸ் ஆண்பால், மெடெடெரா பெண்பால், கிரைசோசோமா அலிப்பால். கடைசியது ‘ஆ’ என்று முடிவதால் பெண்பால் என்று தோன்றும். ஆனால் ‘சோமா’ என்ற கிரேக்கச் சொல் அலிப்பால் என்பதால் ‘அம்’ விகுதிதான் சரி. லின்னேயஸ் 1758-இல் மஸ்கா உங்குலாட்டா என்று பெயரிட்ட ஈ, டோலிகோபஸுக்கு மாறியதும் டோலிகோபஸ் உங்குலாட்டஸ் ஆயிற்று. இடம் மாறியதைக் காட்ட லின்னேயஸ் பெயர் அடைப்புக்குறிக்குள் போயிற்று. புதிதாக வைக்கும் பேரினப் பெயர் வேறு எந்த விலங்குப் பேரினத்துக்கும் முன்பே இருக்கவும் கூடாது. மெய்கன் 1824-இல் வைத்த சைலோபஸ் என்ற பேரினப் பெயர், ஒரு மெல்லுடலிக்கு முன்பே இருந்ததால் வீழ்ந்தது. அதனிடத்தில் வந்ததே செல்லர் 1842-இல் தந்த சையாபஸ். சிற்றினப் பெயருக்கு உறுப்பு, ஊர், மனிதர் எதுவும் அடிப்படையாகலாம். ஹவாய்த் தீவுகளின் காம்ப்சிக்னீமஸ் ஈ ஒன்று நடுக்கால்கள் வளைந்த நிலையில் இறந்துகிடப்பதைக் கண்டு, நீல் ஈவன்ஹூயிஸ் 1996-இல் அதற்கு சார்லி சாப்ளின் பெயரைச் சூட்டினார்.

தமிழில் எழுதுவோர் ஓர் எல்லையைக் காக்க வேண்டும். பேரின, சிற்றினப் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது; ஒலிபெயர்க்கலாம். குடும்பத்தின் பொதுப் பெயர், உறுப்புகள், விவரிப்பு எல்லாம் தமிழில் இருக்கலாம். இலங்கைப் பாடநூல்களில் பேரினம் ‘சாதி’ என்றும் சிற்றினம் ‘இனம்’ என்றும் வழங்குவதால், இரு நாட்டு வாசகருக்கும் எழுதும்போது முதல் இடத்தில் இரண்டையும் தருவது நல்லது. விதித்தொகுப்பு ஒரு புதிய சிற்றினத்தின் விவரிப்பு இந்த மொழியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பரவலாகப் பயன்படும் மொழியைப் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது. கட்டாயம் பெயருக்குத்தான்: அது லத்தீன் எழுத்தில் அச்சாக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவதானால் அந்த வெளியீட்டை ஜூபேங்க் பதிவேட்டில் முன்னதாகப் பதிந்து, அதற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே தர வேண்டும். 2012 முதல் இது நடைமுறை. இவை நிறைவேறினால், நெடுங்கால் ஈ ஒன்றின் கணைக்கால் மயிர்களைத் தமிழிலேயே எண்ணி எழுதிய விவரிப்பும் விதிப்படி செல்லும்.