அழுத்த வெந்நீர் இறக்கல்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடை ஒன்றில் லாவெண்டர் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தேன். லேபிளில் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று அச்சடித்திருந்தார்கள். ரேஷனில் போடும் பாமாயில்தானே அத்தியாவசியம்?

'எசென்ஷியல் ஆயில்' என்பதில் உள்ள எசென்ஷியல், எசென்ஸ் என்ற சொல்லின் வழி வந்தது. செடியின் சாரம் என்று பொருள். தமிழில் நறுமண எண்ணெய் என்றால் போதும். (எண்ணெய் என்பதே எள்+நெய்தான். தைலமும் திலம் என்ற எள்ளில் பிறந்ததே. லாவெண்டரில் ஏது எள்? சரி, விடுங்கள்.)

இதை எடுக்கும் புது முறை ஒன்றுக்கு 'சப்கிரிட்டிகல் வாட்டர் எக்ஸ்ட்ராக்‌ஷன்' என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் கேட்கும் 'கிரிட்டிகல்' அல்ல இது. 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற வேதியியலாளர் இயற்பியலில் புழங்கவிட்ட சொல். நம் பாடநூல்களில் 'நிலைமாறு'. தண்ணீருக்கு அந்த நிலைமாறு வெப்பநிலை 374 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் நீர், ஆவி என்ற பேதமே கிடையாது. 100-க்கும் 374-க்கும் நடுவே, ஆவியாக விடாமல் அழுத்திப் பிடித்த வெந்நீர்தான் சப்கிரிட்டிகல் வாட்டர். விசில் அடிக்கும் குக்கருக்குள் சுமார் 120 டிகிரியில் இருப்பதும் அதுவே.

எண்ணெயோடு ஒட்டாத தண்ணீர், இந்தச் சூட்டில் குணம் மாறுகிறது. 250 டிகிரியில் ஏறக்குறைய ஆல்கஹால் போல நடந்துகொள்ளும். ரோஸ்மேரி, மருவு மாதிரி மூலிகைகளுக்கு 150 டிகிரி அளவே போதும். கூட்டினால் மணம் கெடும்.

அப்புறம் 'எக்ஸ்ட்ராக்‌ஷன்'. பிரித்தெடுத்தல் என்று பொருள். பலர் 'வடித்தல்' என்று எழுதுகிறார்கள். அது வேறு வேலை. ஓம வாட்டர் வடிப்பது. சித்த மருத்துவத்தில் அதற்குத் தீநீர் என்று பெயர், வடிக்கும் கலத்துக்கு வாலை என்று பெயர். அங்கே ஆவி மணத்தைத் தூக்கிச் சென்று குளிர்ந்து சொட்டும். இங்கே ஆவியே கிடையாது. குழாயில் அடைத்த இலைத்தூளுக்குள் வெந்நீர் புகுந்து, சாரத்தைக் கரைத்துக்கொண்டு மறுபக்கம் வருகிறது. ஆறியதும் எண்ணெய் பிரியும். சில நேரம் பால்போல் கலங்கியே நிற்கும்.

காலையில் எங்கள் வீட்டு பித்தளை ஃபில்டரில் நடப்பதும் இதுதான், அழுத்தம் மட்டும் இல்லை. மேல் தட்டில் தூள், அதன்மேல் வெந்நீர், கீழே சொட்டுச் சொட்டாகக் கறுப்பு. அதை யாரும் 'டிகாக்‌ஷன் பிரித்தெடுக்கப்பட்டதா' என்று கேட்பதில்லை. "டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?" என்றுதான் கேட்கிறோம். அதனால் என் ஓட்டு 'அழுத்த வெந்நீர் இறக்கல்' என்பதற்கே.