கடவுள் இல்லை என்பவரை எண்ணுவது எப்படி?

"உங்கள் கட்சி தகுதியுள்ள ஒருவரை அதிபர் வேட்பாளராக நிறுத்துகிறது. அவர் ஒரு நாத்திகர். வாக்களிப்பீர்களா?" கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இந்தக் கேள்வியை அமெரிக்கர்களிடம் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறது. 1958-இல் 'ஆம்' என்றவர்கள் 18 சதவீதம். 2019-இல் 60 சதவீதம். அதே 2019-இல் கத்தோலிக்க வேட்பாளருக்கு 95, யூதருக்கு 93, முஸ்லிமுக்கு 66 சதவீத ஆதரவு இருந்தது. அந்தப் பட்டியலில் நாத்திகருக்கும் கீழே இருந்தவர் சோஷலிஸ்ட் மட்டும்தான்.

பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது பிரிவு 1787-லேயே எழுதிவைத்துவிட்டது. வாக்காளரின் மனத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அந்த மனத்தை அளப்பதுதான் சிக்கல். முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் கேட்டால், வெறுப்பு உள்ளவர் அதை மறைக்கிறார். நம்பிக்கை இல்லாதவர் அதையும் மறைக்கிறார். இரண்டு பக்கமும் பொய் என்றால் கணிப்பு எதைக் காட்டும்?

இதற்கு ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்குச் சாதாரண வாக்கியங்கள் சில: நாய் வளர்க்கிறேன், இறைச்சி உண்பதில்லை, இப்படி. 'எது எது பொருந்தும் என்று சொல்ல வேண்டாம். எத்தனை பொருந்தும் என்று மட்டும் சொல்லுங்கள்' என்பார்கள். இரண்டாம் குழுவுக்கும் அதே பட்டியல்தான். 'கடவுளை நம்பவில்லை' என்ற ஒரு வாக்கியம் மட்டும் கூடுதல். முதல் குழுவின் சராசரி 1.90, இரண்டாவதன் சராசரி 2.10 என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.20 வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கூடுதல் வாக்கியத்திலிருந்துதான். ஆக, 20 சதவீதம் பேர் நம்பிக்கையற்றவர்கள். யார் அவர்கள் என்று ஆய்வாளருக்கே தெரியாது. ஒருவருக்கு எல்லா வாக்கியமும் பொருந்திவிட்டால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் பட்டியலைக் கவனமாகக் கோக்க வேண்டும்.

வில் ஜெர்வைஸ், மேக்சின் நாஜ்லே என்ற இரு உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறையைத் தலா 2,000 பேர் கொண்ட இரண்டு மாதிரிகளில் பயன்படுத்தினார்கள். நேரடிக் கணிப்புகள் அமெரிக்க நாத்திகர்களை 3 முதல் 11 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. இவர்களுக்குக் கிடைத்த மதிப்பீடு ஏறக்குறைய 26 சதவீதம். இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடவும் முடியாது. மறைமுக முறையில் பிழை எல்லை மிக அகலம். முறையைச் சோதிக்க அவர்களே சேர்த்த எளிய கணக்கு வாக்கியம் ஒன்று, அமெரிக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கூட்டல் தெரியாது என்பதுபோல் விடை தந்தது. அதையும் மறைக்காமல் அச்சிட்டார்கள் என்பதால் அவர்கள்மீது எனக்கு மதிப்பு கூடியது. துல்லியத்தில் சந்தேகம் இருக்கலாம். மறைப்பவர்கள் கணிசம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏன் மறைக்கிறார்கள்? ஜெர்வைஸும் சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் ஒரு கதை வருகிறது. ஒருவன் நின்றிருந்த வண்டியை இடித்துவிட்டுத் தகவல் எதுவும் வைக்காமல் போகிறான். பிறகு கண்டெடுத்த பணப்பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறான். இவன் ஆசிரியராக இருக்க வாய்ப்பு அதிகமா, ஆசிரியராகவும் நாத்திகராகவும் இருக்க வாய்ப்பு அதிகமா? இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தால் வாய்ப்பு ஒருபோதும் அதிகரிக்காது என்பது கணிதம். ஆனால் 'நாத்திகர்' என்று வந்தபோது மிகப் பலர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். 'கிறிஸ்தவர்', 'முஸ்லிம்' என்று போட்டபோது அவ்வளவு பேர் தவறவில்லை. 'பாலியல் வன்கொடுமை செய்தவர்' என்று போட்டபோதுதான் அதே அளவு தவறினார்கள். மேலிருந்து ஒருவன் பார்க்கிறான் என்ற அச்சம் இல்லாதவனை நம்பக் கூடாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

எந்தக் கடவுள் என்பதைவிட ஏதாவது ஒரு கடவுள் உண்டா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதிபராகத் தேர்வாகியிருந்த ஐசன்ஹோவர் 1952-இல், ஆழ்ந்த மத நம்பிக்கை இல்லாமல் நம் அரசமைப்பு முறைக்குப் பொருளில்லை, அது எந்த மதமானாலும் கவலையில்லை என்ற கருத்தில் பேசினார். அவரே ஞானஸ்நானம் பெற்றது 1953 பிப்ரவரியில், அதிபரான பிறகுதான். 2024 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் போட்டியிட்ட விவேக் ராமசாமி, கேரளத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த இந்து. அவர் முன்வைத்த 'பத்து உண்மைகளில்' முதலாவது, கடவுள் உண்டு என்பது.

மதச் சார்பு எதுவுமில்லை என்பவர்கள் அமெரிக்கப் பெரியவர்களில் 28 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு மையத்தின் 2023 கணிப்பு. பெரிய வாக்கு வங்கி போலத் தெரிகிறது. அது ஒரே அணி அல்ல: அவர்களில் தம்மை நாத்திகர் என்பவர்கள் 17 சதவீதம்தான், பெரும்பான்மையோர் 'குறிப்பாக எதுவுமில்லை' என்பவர்கள், கடவுளை நம்புவோரும் அவர்களில் உண்டு. ஆகவே அதிபர் வேட்பாளரின் கணக்கில் வெளிப்படையாகச் சொல்வதால் வரும் வரவு குறைவு, செலவு நிச்சயம். ஒரே தொகுதிக்குள் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜாரெட் ஹஃப்மன் தம்மை மதம் சாராத மனிதநேயவாதி என்று 2017-இல் அறிவித்தார். 2024 வரை தேர்தலுக்குத் தேர்தல் வென்றார்.