எழுதிக் கொடுத்த கட்டுரை யாருக்குச் சொந்தம்?

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் குடியிருப்பவர்களைப் பற்றி ஓர் இதழுக்குக் கட்டுரை எழுதினேன். மூன்று வாரம் அலைச்சல். பத்துக்கு எட்டு அறையில் நான்கு கட்டில், ஆணியில் தொங்கும் இன்டர்வியூ சட்டை என்று பார்த்துப் பார்த்து எழுதியது. இரண்டு வருடம் கழித்து அதே கட்டுரை ஒரு தொகுப்பு நூலில் வந்திருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. விசாரித்தால், "அதான் அப்பவே காசு கொடுத்துட்டோமே சார்" என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். அது தவறு என்று சட்டத்தைப் படித்தபிறகுதான் தெரிந்தது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் எழுதியவரைத்தான் முதல் உரிமையாளர் என்கிறது. மாதச் சம்பளத்துக்கு இருக்கும் நிருபரின் நிலை வேறு. அவர் பத்திரிகைக்காக எழுதுவதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்குப் போய்விடும். அவருக்கும்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், புத்தகமாகப் போடும் உரிமை கையிலேயே இருக்கும். ஃப்ரீலான்ஸாக எழுதும் நமக்கு அந்த முதலாளியே கிடையாது. கட்டுரைக்குத் தொகை வாங்கியதாலேயே உரிமை கைமாறிவிடாது.

கைமாற வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இது 19-ஆம் பிரிவு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு மட்டுமே. எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். இவ்வளவு பாதுகாப்பும் ஒரே வரியில் போய்விடலாம்: "அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்." பணம் அனுப்பும் முன் வரும் படிவத்தில் கடைசிப் பக்கம், பொடி எழுத்தில் இருக்கும். அதை அடித்துவிட்டு "முதல் பிரசுர உரிமை மட்டும்" என்று மாற்றித்தரக் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

படத்துக்கு விதி வேறு. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து, அதற்காக நீங்கள் எடுத்த புகைப்படம், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே சொந்தம். ஆக, ஒரே வேலையில் கட்டுரை உங்களுடையது, படம் அவர்களுடையது என்று ஆகலாம். நீங்களாக எடுத்து வைத்திருந்த படத்தைக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. எது எந்த வகை என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

நகரத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு 52-ஆம் பிரிவு முக்கியம். கட்டடங்களையும், மெரினா உழைப்பாளர் சிலை போலப் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பங்களையும் படமெடுத்துப் போட யாரிடமும் அனுமதி தேவையில்லை. சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் வரைந்திருக்கும் ஓவியங்கள் போன்றவற்றின் நிலை அவ்வளவு தெளிவில்லை. புகைப்பட விலக்கில் சிற்பத்தையும் கைவினைக் கலைப்பொருளையும் சொல்லும் சட்டம், ஓவியத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. வரைந்தவரிடம் கேட்டு, அவர் பெயரையும் போட்டுவிடுவதுதான் முறை.

உரிமையை விற்றபிறகும் உங்களிடமே தங்குவது ஒன்று உண்டு. 57-ஆம் பிரிவின்படி, இது என் எழுத்து என்று உரிமை கோரலாம். உங்கள் மதிப்பு கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைப் பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியதற்காக, சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசு மீதே வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிச்சமிருந்த சிற்பத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

இணையத்தில் யாராவது உங்கள் கட்டுரையை எடுத்துப் போட்டால், அதைத் தாங்கி நிற்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகாரில் முகாந்திரம் இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை மறைக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அது திரும்ப வந்துவிடலாம். வழக்குக்கு எதிராளியின் ஊருக்குப் போக வேண்டும் என்றில்லை; நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்துவைத்தால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிராளி மறுத்து நிரூபிக்காதவரை ஏற்கப்படும் சான்றாக, நிற்கும். எழுத்துப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய்.